இனாரியின் சீடா அருங்காட்சியகம்: போகுமுன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்லாந்தின் வடகோடிக்குச் சுற்றுலா போகிறவர்கள் சான்டா கிளாஸ் கிராமம், கண்ணாடி அறையில் படுத்தபடி அரோரா எனும் துருவ ஒளி, பனியில் நாய்வண்டி என்று ஒரு பட்டியலோடு போகிறார்கள். அந்த மண்ணின் மூத்த குடிகளான சாமி மக்களைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ளாமலே திரும்பிவருகிறவர்கள் நிறைய. அவர்களைக் குறை சொல்ல முடியாது, பயண ஏற்பாட்டாளர் காட்டுவதைத்தான் யாரும் பார்க்க முடியும். ஆனால் பயணத்தில் ஒரு நாளை மிச்சம் பிடிக்க முடிந்தால் அந்த நாளை இனாரி என்ற சிற்றூருக்குக் கொடுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன். அப்படிச் சொல்லும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை.

சீடா என்பது என்ன? யார் நடத்துகிறார்கள்?

பின்லாந்திலுள்ள சாமி மக்களின் தேசிய அருங்காட்சியகம் அது. இனாரி ஏரிக்கரையில், சாலையோரமாக இருக்கிறது. இப்போதைய கட்டடம் 1998-இல் திறக்கப்பட்டது. பெரிய அளவில் விரிவாக்கி, புதுப்பித்து, புதிய நிரந்தரக் கண்காட்சியோடு 2022-இல் மறுபடி திறந்தார்கள். 2024-இல் ஐரோப்பாவின் சிறந்த அருங்காட்சியகம் என்ற விருது இதற்குத்தான் கிடைத்தது. பெரிய தலைநகரங்களின் அருங்காட்சியகங்களும் போட்டியிடும் விருது. அதை ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே, சில நூறு பேர் வாழும் ஊரிலுள்ள ஒரு இடம் வாங்கியிருக்கிறது.

விருதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. இங்கே சாமி மக்களைப் பற்றிச் சொல்கிறவர்கள் சாமி மக்களேதான். வடக்கத்திய பழங்குடிகளைப் பற்றிய காட்சிக்கூடங்களை உலகத்தின் பல ஊர்களில் பார்க்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தோலாடை, பக்கத்தில் ஒரு ஈட்டி, "இவர்கள் இப்படி வாழ்ந்தார்கள்" என்று இறந்தகாலத்தில் ஒரு குறிப்பு. சீடாவில் அந்த இறந்தகாலம் கிடையாது. நீங்கள் பார்க்கும் உடையைப் போட்டுக்கொண்டு அடுத்த ஞாயிறு ஒரு கல்யாணத்துக்குப் போகிறவர் உங்களுக்கு நுழைவுச்சீட்டு கொடுத்தவராகவே இருக்கலாம்.

சாமி மக்கள் யார்? எஸ்கிமோக்களா?

இல்லை. எஸ்கிமோ என்று வெளியார் அழைத்துவந்த இனுயிட், யூபிக் மக்கள் கிரீன்லாந்து, கனடா, அலாஸ்கா, சைபீரியாவின் கிழக்கு ஓரம் ஆகிய இடங்களில் வாழ்கிறவர்கள். சாமி மக்களின் நாடு நார்வே, ஸ்வீடன், பின்லாந்து ஆகியவற்றின் வடபகுதியிலும் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்திலும் பரந்து கிடக்கிறது. நாலு அரசுகளின் எல்லைக்கோடுகள் அதன் குறுக்கே பின்னால் வந்து விழுந்தவை. இரு பக்கமும் உறவினர்கள், மேய்ச்சல் நிலங்கள்.

பின்லாந்தில் மட்டும் ஏறத்தாழ 10,000 சாமிகள் இருக்கிறார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் இன்று தாயகப் பகுதிக்கு வெளியே, ஹெல்சின்கி போன்ற நகரங்களில் இருக்கிறார்கள். பனிக்குடில் எதிலும் யாரும் குடியிருக்கவில்லை. சாமி மக்களின் நாடாளுமன்றம் 1996-இலிருந்து இயங்குகிறது. அது கூடும் சாயோஸ் கட்டடமும் இனாரியில்தான் இருக்கிறது, அருங்காட்சியகத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

எப்படிப் போவது?

விமானம் என்றால் ஹெல்சின்கியிலிருந்து இவாலோவுக்கு ஒன்றரை மணி நேரம். இவாலோ விமான நிலையத்திலிருந்து இனாரி சுமார் 50 கி.மீ. ரயிலில் வருகிறவர்கள் ரோவனியெமி வரை இரவு ரயிலில் வந்து, அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். அது 325 கி.மீ. பாதை, ஐந்து மணி நேரம் போல ஆகும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை.

சொந்தமாகக் கார் ஓட்டிப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சாலையில் ரெயின்டீர் எனப்படும் துருவ மான்கள் சர்வசாதாரணமாக நிற்கும். ஒன்று கடந்துபோனால் பின்னால் இன்னும் நாலு வரும், உடனே வேகமெடுக்காதீர்கள். பின்லாந்தில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மான்கள் வண்டி மோதிச் சாகின்றன. அவை காட்டு விலங்குகள் அல்ல, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். மோதிவிட்டால் கட்டாயம் 112-க்குச் சொல்ல வேண்டும்.

எந்த மாதம் நல்லது?

எதைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. திறந்தவெளிப் பகுதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் ஜூன் முதல் செப்டம்பர் வரை. மே கடைசி வாரத்திலிருந்து ஜூலை மூன்றாம் வாரம் வரை சூரியன் மறைவதே இல்லை. ஆனால் ஜூன் கடைசி, ஜூலை மாதங்களில் கொசு மொய்க்கும். நம்மூர்க் கொசு பழகியவர்களும் திணறும் அளவுக்கு மொய்க்கும், முழுக்கைச் சட்டையும் கொசுவிரட்டியும் அவசியம். செப்டம்பர் இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் பிர்ச் மரங்களும் தரைச்செடிகளும் மஞ்சளும் சிவப்புமாக மாறிவிடும். இரவு இருட்டாக இருப்பதால் அரோராவும் தெரிய வாய்ப்புண்டு, கொசுவும் இருக்காது. என்னைக் கேட்டால் அதுதான் சரியான காலம்.

டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி இரண்டாம் வாரம் வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வராது. முழு இருட்டு என்று பயப்பட வேண்டாம், நடுப்பகலில் சில மணி நேரம் நீலமும் இளஞ்சிவப்புமாக ஒரு வெளிச்சம் இருக்கும். வெப்பநிலை மைனஸ் 30 வரை இறங்கலாம். உள்ளே கம்பளி, நடுவே ஒரு கனத்த அடுக்கு, வெளியே காற்றுத் தடுக்கும் மேலாடை என்று மூன்று அடுக்காகப் போடுங்கள். பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம், வியர்வையில் நனைந்தால் உடம்பைக் குளிரவைத்துவிடும்.

திறக்கும் நேரமும் கட்டணமும் பருவத்துக்குப் பருவம் மாறும். கிளம்பும் முன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். பின்லாந்தில் பல அருங்காட்சியகங்களைப் பார்க்கத் திட்டமிடுகிறவர்கள் ஓராண்டு செல்லுபடியாகும் மியூசியம் கார்டு வாங்கினால் லாபம், சீடாவிலும் அது செல்லும்.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

உள்ளே இரண்டரை மணி நேரமாவது. கோடையில் வெளியே இன்னொரு ஒன்றரை மணி நேரம். ஒருங்கிணைத்த சுற்றுலாவில் வந்து நாற்பது நிமிடத்தில் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும்.

உள்ளே எதை முதலில் பார்க்க வேண்டும்?

நிரந்தரக் கண்காட்சியின் பெயர் "இந்த நிலங்கள் எங்கள் பிள்ளைகள்" என்ற பொருள் கொண்டது. இனாரி சாமி மொழிக் கவிதை ஒன்றின் வரி. நிலத்தை அன்னை என்று பல மக்கள் சொல்வார்கள். பிள்ளை என்று சொல்லும்போது பொறுப்பு நம் தலையில் வந்து விழுகிறது. கண்காட்சி முழுவதும் அந்த எண்ணத்தின்மேல்தான் நிற்கிறது. இயற்கைக்கு ஒரு அறை, மனிதர்களுக்கு ஒரு அறை என்று பிரிக்கவில்லை. பனி, ஏரி, மான், மீன், மனிதர், மொழி எல்லாம் ஒன்றாகவே வருகின்றன.

பொருள்களில் காலணிகளின் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். மானின் காலிலிருந்து உரித்த ரோமத்தோலால் தைத்தவை. முன்முனை மேல்நோக்கி வளைந்திருக்கும், பனிச்சறுக்குக் கட்டையின் வாரில் மாட்டிக்கொள்ள அந்த வளைவு உதவும். உள்ளே காலுறை கிடையாது. கோடையில் அறுத்து, அடித்து மென்மையாக்கி, உலர்த்திச் சுருட்டிவைத்த கோரைப்புல்லைத் திணித்துக்கொள்வார்கள். புல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், இழைகளுக்கு நடுவே நிற்கும் காற்று காலைச் சூடாக வைக்கும். மாலையில் வெளியே எடுத்துக் காயவைத்து மறுநாள் மறுபடி திணிக்கலாம். மைனஸ் 30-இல் நாள் முழுக்க நடக்கிற ஒருவருக்கு இது உயிர்காக்கும் தொழில்நுட்பம். அறுக்க வேண்டிய புல் எது, எந்த வாரத்தில் அறுப்பது, எப்படி அடிப்பது என்பதெல்லாம் பெரும்பாலும் பெண்கள் காத்துவந்த அறிவு.

அப்புறம் குழந்தைத் தொட்டில். மரத்தைப் படகு போலக் குடைந்து, தோல் போர்த்தி, முகத்துக்கு மேலே ஒரு வளைந்த கூரை வைத்தது. மான் இழுக்கும் சறுக்குவண்டியிலும் வைக்கலாம், மரக்கிளையிலும் தொங்கவிடலாம். பிர்ச் மரத்தின் முண்டிலிருந்து குடைந்த குவளை, மான்கொம்புப் பிடி போட்ட கத்தி, ஸ்கோல்ட் என்ற பிரிவுச் சாமிகள் மரவேரால் நெருக்கிப் பின்னிய கூடை ஆகியவற்றையும் தவறவிடாதீர்கள்.

பல பொருள்கள் "திரும்பி வந்தவை" என்கிறார்களே, எங்கிருந்து?

தெற்கிலிருந்து. இந்த அருங்காட்சியகத்தின் உயிரே இந்தக் கதைதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

19-ஆம், 20-ஆம் நூற்றாண்டுகளில் ஆய்வாளர்களும் பாதிரிகளும் அதிகாரிகளும் சாமி நாட்டுக்கு வந்து உடை, கருவி, நகை, தொட்டில் என்று சேகரித்துத் தலைநகரங்களுக்குக் கொண்டுபோனார்கள். சில விலைக்கு வாங்கியவை. சிலவற்றுக்குக் கொடுத்தவரின் சம்மதம் எவ்வளவு இருந்தது என்று கேட்டால் நல்ல பதில் கிடைக்காது. ஹெல்சின்கியிலுள்ள பின்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் மட்டும் 2,200-க்கும் மேற்பட்ட சாமிப் பொருள்கள் சேர்ந்தன. அவற்றைச் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்தால்தான் பார்க்க முடியும், அதுவும் கிடங்கில் அனுமதி வாங்கி.

அந்தத் தொகுப்பு முழுவதும் 2021-இல் சீடாவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஹெல்சின்கியில் "வீடு திரும்புதல்" என்ற பொருளில் ஒரு விடைபெறும் கண்காட்சி நடத்தினார்கள், பிறகு பொருள்கள் வடக்கே போயின. 2022-இல் முடிந்த விரிவாக்கத்தில் அவற்றைப் பாதுகாக்கத் தேவையான கிடங்கு அறைகளும் அடக்கம். ஐரோப்பாவில் எத்தனையோ அருங்காட்சியகங்கள் "கொடுத்தால் அவர்களால் பாதுகாக்க முடியுமா" என்று இழுத்தடிக்கும் காலத்தில் ஒரு நாடு தன் தேசியத் தொகுப்பை முழுதாகக் கொடுத்ததைப் பெரிய செயலாகவே நினைக்கிறேன்.

பொருள்கள் திரும்பியதன் பலன் வெறும் பெருமையோடு முடியவில்லை. கைவினைஞர்கள் பழைய உடைகளை மேசையில் விரித்து, தையலை எண்ணி, வெட்டை அளந்து, மறந்துபோன முறைகளை மீட்கிறார்கள். பாட்டி போட்டிருந்த மாதிரி ஒரு தொப்பி வேண்டும் என்று கேட்கும் பேத்திக்கு இப்போது பார்த்துச் செய்ய அசல் இருக்கிறது.

பொருள்கள் மட்டும் போகவில்லை. இனம் பற்றிய ஆராய்ச்சி என்ற பெயரில் சாமிகளின் கல்லறைகளைத் தோண்டி மண்டையோடுகளையும் எடுத்துப் போனார்கள். ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் இருந்தவற்றில் ஒரு பகுதி 1995-இல் திரும்பக் கொண்டுவரப்பட்டு இனாரியில் அடக்கம் செய்யப்பட்டது.

கொம்பு வைத்த தொப்பி என்று ஒன்று உண்டாமே?

உண்டு. வடசாமி மொழி பேசும் பெண்கள் அணிந்த தொப்பி, பின்பக்கம் மேலே நிமிர்ந்த ஒரு மரவளைவு, அதன்மேல் வண்ணத்துணி. பெயர் லாட்யோகஹ்பிர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் வழக்கொழிந்துபோனது. அந்த மரக்கொம்புக்குள் சாத்தான் குடியிருக்கிறான் என்று கடுமையான கிறிஸ்தவ மறுமலர்ச்சி இயக்கத்தார் சொன்னதால் பெண்கள் அதைக் கைவிட்டார்கள் என்பது வாய்வழியாக வந்த செய்தி. பல தொப்பிகள் அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அண்மை ஆண்டுகளில் சாமிக் கலைஞர் ஓவுட்டி பியெஸ்கியும் ஆய்வாளர் ஏவா-கிறிஸ்தீனா நைலாண்டரும் அந்தத் தொப்பிகளைத் தேடிப் பதிவு செய்து, பெண்களைக் கூட்டிப் பட்டறைகள் நடத்தினார்கள். இன்று இளம்பெண்கள் அதைத் தைத்துத் தலையில் வைத்துக்கொண்டு விழாக்களுக்கு வருகிறார்கள்.

மந்திர முரசுகளைப் பார்க்க முடியுமா?

முரசுகளைப் பற்றிக் கேட்கிறவர்கள் அவற்றின் வரலாற்றையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. நோவாய்டி எனப்படும் ஆன்மீக வழிகாட்டிகள் தோல்முரசின்மேல் உருவங்கள் வரைந்து, அதை அடித்து வழி கேட்டார்கள். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் மதப் பிரசாரகர்களும் அரசு அதிகாரிகளும் முரசுகளைப் பறித்தார்கள், எரித்தார்கள். நார்வேயின் வடகிழக்கே ஆண்டர்ஸ் பவுல்சன் என்ற முதியவரிடமிருந்து 1691-இல் ஒரு முரசு பறிமுதல் செய்யப்பட்டது. சூனியக் குற்றத்துக்காக விசாரிக்கப்பட்ட அவர், தீர்ப்பு வரும் முன்பே 1692-இல் காவலில் கொல்லப்பட்டார். முரசு டென்மார்க் அரசரின் சேகரிப்புக்குப் போனது. 1979-இலிருந்து நார்வேயின் காராஸ்யோக்கில் உள்ள சாமி அருங்காட்சியகத்தில் இரவலாக இருந்தது. அதாவது சொந்த மக்களிடமே இரவல். 2022-இல்தான் உரிமையோடு திருப்பித் தந்தார்கள், பறித்து 331 ஆண்டுகளுக்குப் பிறகு.

இன்று உலகில் எஞ்சியுள்ள பழைய முரசுகள் எழுபதைப் போலத்தான் இருக்கும். நினைவுப்பொருள் கடைகளில் விற்கும் பொம்மை முரசைக் கையில் எடுக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே உள்ள திறந்தவெளி அருங்காட்சியகம் பார்க்கத் தகுந்ததா?

கட்டாயம். உண்மையில் சீடாவின் தொடக்கமே அந்தத் திறந்தவெளிதான்.

1944 இலையுதிர் காலத்தில் பின்லாந்தை விட்டுப் பின்வாங்கிய ஜெர்மன் படை, போகிற வழியில் நாட்டின் வடபகுதியான லாப்லாந்தின் வீடுகளையும் பாலங்களையும் எரித்துக்கொண்டே போனது. மக்கள் முன்பே தெற்கே வெளியேற்றப்பட்டிருந்தார்கள். அந்த இடம்பெயர்ந்த நாள்களில், 1945-இல், சாமி லிட்டோ என்ற சங்கத்தை ஆரம்பித்தார்கள். திரும்பிவந்தபோது பழைய வீடுகளில் பெரும்பகுதி சாம்பலாகியிருந்தது. மீந்ததையாவது காப்பாற்ற வேண்டும் என்று அந்தச் சங்கம் 1959-இல் அருங்காட்சியகத்தை நிறுவியது. சுற்றுவட்டாரத்தில் தப்பிப் பிழைத்த கட்டடங்களைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தினார்கள். பின்லாந்தில் சாமிகள் தாங்களாகவே தொடங்கிய முதல் அருங்காட்சியகம் இது.

இன்று ஏறத்தாழ 7 ஹெக்டேர் பரப்பில் மரவீடுகள், புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டி அடுக்கிய குடில்கள், ஸ்கோல்ட் சாமிகளின் வீடு, மிருகங்கள் ஏறாதபடி ஒற்றைக்கம்பத்தின் மேல் நிறுத்திய உணவுக் களஞ்சியம், ஓநாய்க்கும் கரடிக்கும் வைத்த பொறிகள், படகுகள் என்று காட்டுக்குள் பாதை நெடுகப் பார்த்துக்கொண்டே போகலாம். களஞ்சியத்தைச் சுற்றி ஒருமுறை நடந்துபாருங்கள், எலியும் நரியும் எப்படி ஏமாந்திருக்கும் என்று புரியும். குளிர்காலத்தில் பாதை பனியில் மூடிவிடும்.

ஒரே பலகையில் ஏன் இத்தனை மொழிகள்?

பின்லாந்தில் மூன்று சாமி மொழிகள் உண்டு: வடசாமி, இனாரி சாமி, ஸ்கோல்ட் சாமி. இனாரி வட்டாரத்தில் மூன்றும் வழங்குகின்றன. அதனால் விளக்கங்கள் அவற்றிலும் பின்னிஷ், ஆங்கிலத்திலும் இருக்கின்றன. ஆங்கிலம் தெரிந்தால் போதும், சுற்றிப் பார்க்கச் சிரமம் இல்லை.

இனாரி சாமியின் கதையை அறிந்துகொண்டு அந்தப் பலகைகளைப் பார்த்தால் வேறுமாதிரி இருக்கும். போருக்குப் பிந்தைய தலைமுறை விடுதிப் பள்ளிகளில் பின்னிஷ் மட்டும் பேசி வளர்ந்தது. சொந்த மொழி பேசினால் அவமானம் என்று ஆக்கிவிட்டார்கள். அப்படி வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுத்தரவில்லை. 1990-களில் இனாரி சாமி பேசும் குழந்தைகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். 1986-இல் தொடங்கிய மொழிச் சங்கம் 1997-இல் ஒரு "மொழிக்கூடு" திறந்தது. அதாவது பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளை நாள் முழுக்க அந்த மொழியிலேயே பேசி வளர்க்கும் காப்பகம். பிறகு பெரியவர்களுக்கும் தீவிரப் பயிற்சி தந்து ஆசிரியர்களை உருவாக்கினார்கள். இன்றும் பேசுகிறவர்கள் சில நூறு பேர்தான். ஆனால் அவர்களில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

ஸ்கோல்ட் சாமிகள் தனிப் பிரிவா?

ஆம். கீழைத் திருச்சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள், கிழக்கே பெட்சமோ பகுதியில் வாழ்ந்தவர்கள். 1944-இல் பெட்சமோ சோவியத் ஒன்றியத்துக்குப் போனபோது மொத்த ஊர்களும் புறப்பட்டு பின்லாந்துப் பக்கம் வந்தன. 1949-இல் செவெட்டியார்வி பகுதியில் அரசு கட்டித்தந்த வீடுகளில் குடியேறினார்கள். ரஷ்ய ஜார் மன்னர்கள் அவர்களுடைய நில, மீன்பிடி உரிமைகளை உறுதிசெய்து தந்த ஆவணங்களைத் தலைமுறைகளாகப் பத்திரப்படுத்தி, புலம்பெயர்ந்தபோதும் கைவிடாமல் கொண்டுவந்தார்கள். 2015-இல் அந்த ஆவணக் காப்பு யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது.

எல்லாச் சாமிகளும் மான் மேய்ப்பவர்களா?

இல்லை. இனாரி சாமிகள் பரம்பரையாக ஏரி மீனவர்கள். மான் மேய்ப்பு முக்கியமான தொழில்தான், ஆனால் இன்று சிறுபான்மையினரே அதை நம்பி வாழ்கிறார்கள். ஆசிரியர், செவிலியர், நிரலாளர், அரசு ஊழியர் என்று எல்லா வேலைகளிலும் சாமிகள் உண்டு. நார்வேயிலும் ஸ்வீடனிலும் மான் வளர்ப்பு பெரும்பாலும் சாமிகளின் தனியுரிமை. பின்லாந்தில் அப்படி இல்லை, மான் வளர்ப்புப் பகுதியில் குடியிருக்கும் மற்றவர்களும் வளர்க்கலாம்.

மேய்ப்பவர்களை இப்போது வாட்டுவது தட்பவெப்பம். குளிர்காலத்தின் நடுவே மழை பெய்து, பனியின்மேல் விழுந்து உறைந்து கெட்டியான ஓடாகிவிடுகிறது. மான் குளம்பால் தோண்டி அடியிலுள்ள லைக்கன் என்ற பாசி போன்ற உணவைத் தின்ன முடியாது. தீவனம் வாங்கிப் போட வேண்டியதாகிறது, அதற்குச் செலவு எக்கச்சக்கம்.

"உங்களுக்கு எத்தனை மான்?" என்று கேட்கலாமா?

தயவுசெய்து கேட்காதீர்கள். "வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்" என்று முன்பின் தெரியாதவரிடம் கேட்பதற்குச் சமம் அது. அதேபோல் "லாப்" என்ற பழைய பெயரால் அவர்களை அழைக்க வேண்டாம், இழிவாகவே எடுத்துக்கொள்வார்கள். மரபுடையில் இருப்பவரைப் படமெடுக்கும் முன் அனுமதி கேளுங்கள், குழந்தைகள் என்றால் பெற்றோரிடம். கண்காட்சிக்குள் படம் எடுக்கும் விதிகளை வரவேற்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாமி உடையைப் போட்டுப் படமெடுத்துக்கொள்ள முடியுமா?

வேண்டாம். காக்டி எனப்படும் அந்த உடையின் நிறம், நாடா, கழுத்துப் பட்டை, வெட்டு எல்லாம் போட்டிருப்பவர் எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடும். சுற்றுலாத் தொழிலில் பல ஆண்டுகளாகச் சாமி அல்லாதவர்கள் மலிவான போலி உடையைப் போட்டுக்கொண்டு, இல்லாத சடங்குகளைச் செய்துகாட்டிப் பணம் பார்த்தார்கள். அது சாமி மக்களை எவ்வளவு புண்படுத்தியது என்பதைச் சீடாவில் ஒரு மணி நேரம் செலவழித்தாலே உணரலாம். சாமி நாடாளுமன்றம் 2018-இல் பொறுப்பான சுற்றுலாவுக்கென்றே நெறிமுறைகள் வெளியிட்டது. உங்கள் பயணத் திட்டத்தில் "சாமி ஷாமன் சடங்கு" என்று ஏதாவது இருந்தால், நடத்துகிறவர் யார் என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஞாபகமாக எதை வாங்கலாம்?

"சாமி டுவோட்யி" என்ற முத்திரை உள்ள கைவினைப் பொருள்களைத் தேடி வாங்குங்கள். சாமிக் கைவினைஞரே செய்தது என்பதற்கான அடையாளம் அது, 1982-இலிருந்து வழக்கில் இருக்கிறது. விலை கூடத்தான் இருக்கும். ஒரு குவளையைக் குடைந்து, வேகவைத்து, உலர்த்தி முடிக்க எவ்வளவு காலம் ஆகிறது என்று தெரிந்தால் பேரம் பேசத் தோன்றாது. அருங்காட்சியகக் கடையிலும் சாயோஸ் கட்டடத்திலுள்ள கைவினைக் கடையிலும் நம்பி வாங்கலாம். பணம் குறைவு என்றால் வெள்ளீயக் கம்பியிழை பின்னிய சின்னக் கைப்பட்டையோ ஒரு புத்தகமோ போதும்.

சாப்பாடு கிடைக்குமா? சைவம்?

வளாகத்துக்குள்ளேயே சர்ரித் என்ற உணவகம் இருக்கிறது. மெல்லிய சீவல்களாக வதக்கிய மான்கறி, மசித்த உருளைக்கிழங்கு, கூடவே புளிப்பான லிங்கன் பழம் என்பது இந்தப் பக்கத்தின் பேர்போன சாப்பாடு. சால்மன் மீன் சூப்பும் நம் நாக்குக்குப் பிடிக்கும், என்ன, காரம் இருக்காது. சைவம் சாப்பிடுகிறவர்கள் மனம் தளர வேண்டாம், பின்லாந்து உணவகங்களில் சைவம், வீகன் என்று பட்டியலிலேயே குறித்திருப்பார்கள். ஆனால் இனாரி சின்ன ஊர், கடை சீக்கிரம் மூடும். ஊறுகாயும் பொடியும் கையில் இருந்தால் நிம்மதி.

குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா?

தாராளமாக. ஒலியும் காட்சியும் நிறைய இருப்பதால் சலிக்காது. கோடையில் திறந்தவெளியில் ஓடியாட இடமும் உண்டு.

யொய்க் பாட்டு கேட்க முடியுமா?

யொய்க் சாமிகளின் பாட்டு முறை. ஒரு மனிதருக்கோ மலைக்கோ மானுக்கோ உரியதாக ஒரு யொய்க் இருக்கும். சொற்கள் குறைவு, சில நேரம் இல்லவே இல்லை. தேவாலயம் ஒரு காலத்தில் அதைப் பாவம் என்று ஒதுக்கிவைத்தது, பள்ளிகளிலும் தடை இருந்தது. கவிஞரும் பாடகருமான நில்ஸ்-அஸ்லாக் வால்கேயாபா 1994-இல் லில்லேஹாமர் குளிர்கால ஒலிம்பிக் தொடக்கவிழாவில் யொய்க் பாடியபோது உலகமே கேட்டது. இனாரியில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் இயாஹிஸ் இட்யா இசைவிழாவுக்கு வந்தால் பழைய யொய்க்கும் ராப்பும் ஒரே மேடையில் கேட்கலாம். ஜனவரியில் வருகிறவர்களுக்கு ஸ்காப்மகோவத் என்ற பழங்குடித் திரைப்பட விழா இருக்கிறது, பனியால் கட்டிய திறந்தவெளி அரங்கில் படம் போடுவார்கள்.

பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம்?

இனாரி ஏரியில் 3,000-க்கும் மேற்பட்ட தீவுகள். அவற்றில் உக்கோ என்ற செங்குத்தான பாறைத்தீவு சாமிகள் பலியிட்டு வணங்கிய புனித இடம். கோடையில் படகில் அருகே போய்ப் பார்க்கலாம். காட்டுக்குள் நடக்கப் பிடித்தவர்கள் பியெல்பயார்வி தேவாலயத்துக்குப் போங்கள், 1760-இல் கட்டிமுடித்தது, போரிலும் எரியாமல் தப்பியது. சாலை கிடையாது, வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து நாலரை கி.மீ. போல நடக்க வேண்டும். பாதை கல்லும் வேருமாக இருக்கும், நல்ல காலணி தேவை. பாதை வரைபடமும் வானிலைத் தகவலும் சீடாவுக்குள் இருக்கும் இயற்கை மையத்திலேயே தருவார்கள்.

இனாரி வரை போக முடியாதவர்கள் வேறு எங்கே போகலாம்?

ரோவனியெமியோடு திரும்புகிறவர்களுக்கு அங்கேயே "ஆர்க்டிகும்" என்ற இடம் இருக்கிறது. சாமிகளை மட்டுமல்லாமல் ஆர்க்டிக் முழுவதையும் பற்றிச் சொல்லும் அருங்காட்சியகம், 1992-இல் திறந்தது. நார்வே வழியாக வருகிறவர்கள் காராஸ்யோக்கில் இறங்கலாம், பவுல்சன் முரசு சேர்ந்திருக்கும் அருங்காட்சியகம் அங்கேதான். இனாரியிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஒரே பயணத்தில் இரண்டையும் பார்ப்பது நல்ல திட்டம். ஸ்வீடனில் யோக்மோக் ஊரிலுள்ள ஐட்டே அருங்காட்சியகம் சாமி வெள்ளி நகைகளுக்கும் உடைகளுக்கும் பேர்போனது. பிப்ரவரித் தொடக்கத்தில் அந்த ஊரில் கூடும் குளிர்காலச் சந்தை 1605-இலிருந்து நடந்துவருகிறது. சந்தை நாள்களில் அங்கே தங்க இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு, பல மாதங்களுக்கு முன்பே அறை பதிவு செய்துவிடுங்கள்.